சரிவு எந்தப் பக்கம்

ஷ்கோதரில் மழை அக்டோபரில் வந்து உட்கார்ந்தால்
பிப்ரவரியில்கூட எழுந்து போக மனசில்லாது.
மொட்டைமாடிக்குக் கூரை வேண்டுமென்று
பாஷ்கிம் என்னை அழைத்தது ஆகஸ்டில்.
அதற்கே அவருக்கு ஒரு மரியாதை.
மற்றவர்கள் ஒழுக ஆரம்பித்த பிறகுதான்
என் நம்பரைத் தேடுவார்கள்.

ஒன்பதரைக்கு ஆறு மீட்டர்.
மூலைமட்டம் வைத்தேன்; மேற்குச் சுவர்
நான்கு விரற்கடை விலகி நின்றது.
"அது நான் கட்டியது" என்றார்.
"தெரிகிறது" என்றேன்.

ஆறு தூண்தலைகள். ஒவ்வொன்றிலும்
நான்கு நான்காய் வானம் பார்த்த கம்பிகள்,
துரு ஏறாதிருக்கத் தலையில் கவிழ்த்த
தண்ணீர் பாட்டில்கள்.
இந்தத் தெருவில் பாதி வீடுகள் இப்படித்தான்,
மகனுக்கென்று ஒரு மாடியைக்
காற்றில் கோடு போட்டு வைத்திருக்கும்.
எர்வின் இத்தாலியில் லாரிகளுக்கு டயர் மாற்றுகிறான்,
பதினேழு வருடமாய்.
இவர்கள் இங்கே பாட்டில்களை மாற்றுகிறார்கள்,
இரண்டு கோடைக்கு ஒருமுறை.

அவருக்கு பாலிகார்பனேட், வெளிச்சம் வருமாம்.
நெர்மினேவுக்குத் தகரம்.
"அந்தக் கண்ணாடிக்கு அடியில்
தக்காளியோடு சேர்ந்து நீயும் காய்வாய்."
நடுவில் பஞ்சு வைத்த தகடு என்று நான் சொன்னதும்
இருவரும் ஒரே குரலில் விலை கேட்டார்கள்.
பிறகு சரிவு.
கிழக்கே சரித்தால் முர்லான் காற்று அடியில் புகுந்து
கூரையை ஏரியில் கொண்டுபோய் இறக்கும்.
தெற்கே தெரு. நகராட்சிக் கடிதம் வரும்.
வடக்கே ரூஷேயின் அத்திமரம்,
ரூஷேயோடு பேச்சு நின்று நாலு வருடம்,
ஒரு டிஷ் ஆன்டெனா விஷயம்.
மூன்று நாள் சரிவு, சரிவு, சரிவு.
கம்பியைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை.

நான்காம் நாள் வெட்டுமிஷினோடு ஏறினேன்.
பாஷ்கிம் ரொட்டி வாங்கப் போயிருந்தார்.
மேஜைமேல் ரொட்டி இருந்தது.
நெர்மினே பிளக்கைத் தானே சொருகினாள்:
"அவர் திரும்புவதற்குள்."

நான் வெட்டவில்லை.
இரக்கம் என்று நினைக்க வேண்டாம்,
முர்லானுக்கு எதிரே நிற்கப் பிடி வேண்டும்.
நான்கு கம்பிகளையும் உள்பக்கம் வளைத்து,
உண்ணக் குவித்த விரல்போல் சேர்த்துக் கட்டி,
ஒரு சாண் அகலச் சதுரக் குழாயை
மேலிருந்து இறக்கினேன். ஆறு குழாய்.
கலவை குழைத்துக்கொண்டிருந்தபோது
அவர் வந்தார், கையில் ஒன்றுமில்லை.
குழாயைத் தட்டிப் பார்த்தார்.
"உள்ளே இருக்கிறதா?"
"இருக்கிறது."
"கான்கிரீட் போட்ட பிறகு?"
"அப்புறம் வராது."
எண்ணத் தேவையில்லாத ஆறு தூண்களை
எண்ணினார். இரண்டு தடவை.
"ஊற்று" என்றார்.

ரூஷேயிடம் நெர்மினேதான் போனாள்.
"மழைத்தண்ணீர் அத்திக்கு ஆகும்,
உங்கள் டிஷ்தான் ஆகாது" என்றாளாம்.
டிஷ்ஷைக் கழற்றினேன், அதற்குத் தனிக்கூலி இல்லை.
மீட்டருக்கு எட்டு சென்டிமீட்டர், வடக்கே.

தகடு ஏறிய மாலை மகன் போனில் வந்தான்.
கூரை முழுக்கத் திருப்பிக் காட்டினார்கள்,
கொடியில் காயும் போர்வை, மேஜை, என் முதுகு.
"அழகாக இருக்கிறது. எவ்வளவு ஆனது?"
சொன்னார்கள்.
கொஞ்சம் பொறுத்துக் கேட்டான்:
"பாட்டில்களெல்லாம் எங்கே?"
"கழுவி வைத்திருக்கிறேன்" என்றாள்,
"எண்ணெய் ஊற்ற."

அக்டோபர் மூன்று, விடியற்காலை, நெர்மினேவின் குரல்:
ஒழுகுகிறது.
போனேன். இரண்டாம் வரிசை, மூன்றாவது திருகு,
ரப்பர் வளையம் போடாமல் முறுக்கியிருக்கிறேன்.
கேக் தட்டு ஒன்றில் சொட்டு விழுந்துகொண்டிருந்தது.
அதை நகர்த்தாமல் பக்கத்திலேயே
இருவரும் காப்பி குடித்துக்கொண்டிருந்தார்கள்,
மழைக்கு அடியில், கால் நீட்டி.
ஏணி கேட்டேன்.
"அவசரமில்லை, உட்கார்" என்றார் பாஷ்கிம்.

மீதி நாலாயிரம் லெக்கை வாங்காமலே இறங்கிவிட்டேன்.
மறதிதான்.
வெள்ளிக்கிழமை போய்க் கேட்பேன்.